மூக்கு வேண்டாமென்ற எண்ணெய்

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. இங்கே நாங்கள் இருக்கிறபடி இருக்கிறோம். மழை இல்லை, அதை எழுதி உன்னை அலுக்க வைக்க வேண்டாம். நீ இரண்டு விஷயம் எழுதியிருக்கிறாய். ஒன்று உன் வேனைப் பற்றி. பின்சக்கரம் இரண்டுக்கும் நடுவில் பானை மாதிரித் தொங்குகிறதே கிரவுன் பெட்டி, அதற்கு எந்த எண்ணெய் ஊற்றலாம் என்று கேட்டிருக்கிறாய். ‘வண்டி பின்னால் கத்துகிறது என்று பார்வதி தினமும் சொல்கிறாள், என் காதில் ஒன்றும் விழவில்லை, அவள் வாயை அடைக்கவாவது எண்ணெயை மாற்றிவிடுகிறேன்’ என்று எழுதியிருக்கிறாய். இன்னொன்றை நீ கேள்வியாகக்கூட எழுதவில்லை. பார்வதி எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிறாள், கொஞ்ச காலம் அவளை அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாமென்று இருக்கிறேன் என்று, தாளை மடிக்கிற ஓரத்தில் இடுக்கி எழுதியிருக்கிறாய். கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம் நிறையவில்லை. எண்ணெய்க்கு அரைப் பக்கம், பெண்டாட்டிக்கு ஒரு வரி. இருக்கட்டும், நீ கேட்ட வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

எண்ணெய் வியாபாரியான அப்பாவைக் கேட்காமல் இதை என்னிடம் கேட்டிருக்கிறாய். அதுவும் சரிதான். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், விளக்கெண்ணெய் என்று எதைக் கேட்டாலும் பொழுது சாயும்வரை பேசுகிறவர், வண்டி எண்ணெய் என்று வாயெடுத்தால் மட்டும் ‘அதைச் சித்தப்பாகிட்டக் கேளு’ என்று எழுந்து போய்விடுவார். அது ஏன் என்று உனக்குத் தெரியாது. அது நடந்த வருஷம் நீ நாலாம் வகுப்பில் இருந்தாய். உனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் ஒரு நாள் அப்பா மேல் நாற்றம் அடித்தது, நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினாய், அவ்வளவுதான். அதை இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிக்கிறாய். அந்த நாற்றம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன், கேள்.

அருப்புக்கோட்டையில் நம் கடையின் போர்டில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் ஊர்க்காரர்கள் அதை மூக்குக் கடை என்றுதான் சொல்வார்கள் என்பது உனக்கே தெரியும். உன் அப்பாவின் மூக்குக்குத்தான் அந்தப் பெயர். மில்லில் ஆட்டி இறக்கிய எண்ணெயில் ஒரு சொட்டைப் புறங்கையில் விடுவார், மற்றக் கையின் கட்டைவிரலால் தேய்ப்பார், வாயால் ஊதிச் சூடாக்கி மூக்கருகே கொண்டுபோவார். எள்ளு எந்தக் காட்டில் விளைந்தது, மழையில் நனைந்து காய்ந்ததா, பழைய எள்ளைக் கலந்து ஆட்டியிருக்கிறதா, எல்லாம் சொல்லிவிடுவார். அவர் மோந்து பார்த்துத் தலையை ஆட்டாமல் ஒரு டின்னுக்கு மூடி விழாது. திருச்சுழியிலும் பரளச்சியிலும் எம்.ரெட்டியபட்டியிலும் கடைக்காரர்கள் நம் டின்னை மோந்து பார்க்காமலே உடைத்து ஊற்றுவார்கள். ‘அண்ணாச்சி பாத்தா பாத்ததுதான்’ என்பார்கள். நம் வீட்டுச் சோறு அந்த மூக்கிலிருந்து வந்தது. அதனால் வீட்டில் எந்தப் பேச்சும் அந்த மூக்கோடு முடிந்துவிடும். குழம்பு முதல் மாப்பிள்ளை வரை அவர் முகத்தைச் சுளித்தால் வேண்டாம் என்று அர்த்தம்.

அப்போதெல்லாம் சரக்கு மாட்டு வண்டியிலும் பஸ்ஸின் கூரையிலும்தான் போகும். பஸ்ஸில் ஏற்றினால் டின் நசுங்கும், மாட்டு வண்டியில் ஏற்றினால் அடுத்த கடைக்காரன் முந்திக்கொள்வான். அதனால் உன் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஒரு பழைய வேனை வாங்கினார்கள். சித்தப்பாவுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. படிப்பு ஏறவில்லை, வியாபாரத்தில் பேச்சு வரவில்லை என்று வீட்டில் அவரை ஒரு ஆளாகவே யாரும் எண்ணியது கிடையாது. வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட பிறகுதான் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அந்த வேன் வந்த அன்று சாமி கும்பிட்டுவிட்டு, என்னிடம் வந்து, ‘மதினி, இனி எனக்கும் ஒரு தொழில் இருக்கு’ என்றார். எனக்கு அது மறக்கவில்லை.

பழைய வண்டியாதலால் கிரவுன் பெட்டிக்குள் இருந்த பல்சக்கரங்கள் தேய்ந்திருந்தன. மதுரை ரோட்டு ஒர்க்ஷாப்பில் சுந்தரம் என்று ஒரு மெக்கானிக். வேலைக்காரன்தான், ஆனால் வாயைத் திறந்தால் தெருவில் பெண்கள் நிற்க முடியாது. தன்னைப்போல வண்டி பார்க்கிறவன் ராமநாதபுரம் ஜில்லாவிலேயே இல்லை என்று தானே சொல்லிக்கொள்வான். அவன் புதுச் சக்கரம் மாட்டிக் கொடுத்துவிட்டு, இந்தப் பெட்டிக்கு இந்த எண்ணெய்தான் ஊற்ற வேண்டும், தன்னிடம் தீர்ந்துவிட்டது, மதுரையிலிருந்து வரவழைத்துத் தருகிறேன், அதுவரை வண்டியை எடுக்காதீர்கள் என்றான். ஏன் அந்த எண்ணெய் என்று உன் அப்பா கேட்டதற்கு, ‘ஊத்துன்னா ஊத்துங்க அண்ணாச்சி, உங்க கடையில வந்து நான் கேள்வி கேக்குறனா’ என்றானாம். அந்தப் பதில் இவருக்குப் பிடிக்கவில்லை.

டின் பஸ்ஸில் வந்து இறங்கியது. உன் அப்பா வழக்கம்போல மூடியைத் திறந்து புறங்கையில் ஒரு சொட்டு விட்டார். ஊதுவதற்கு அவசியமே வரவில்லை, அடுப்படியில் நின்றிருந்த எனக்கே வாடை வந்தது. கெட்ட முட்டையும் கருகின பூண்டும் சேர்ந்தால் எப்படி இருக்கும், அப்படி.

‘என்னலே இது, எவனோ கெட்டுப்போன சரக்கை நம்ம தலையில கட்டிட்டான்’ என்றார்.

‘அண்ணே, இதைத்தான் ஊத்தணும்னு சுந்தரம் சொன்னாரு. இந்த எண்ணெய் வாடை இப்படித்தான் இருக்குமாம்’ என்றார் சித்தப்பா.

‘அவன் ஸ்பேனர் பிடிக்கிறவன். எண்ணெயைப் பத்தி எனக்கு அவன் சொல்லணுமாக்கும்.’

இவர் சொன்னதை வெறும் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதே. அப்படி இருந்திருந்தால் நான் இந்தக் கதையை எழுதவே வேண்டியதில்லை. அதற்கு முந்தின வருஷம் நம் மில்லில் ஒன்று நடந்திருந்தது. மோட்டாரிலிருந்து செக்கைச் சுற்ற வைக்க அங்கே ஒரு கியர் பெட்டி உண்டு, அதற்குள் இருப்பது வெண்கலச் சக்கரம். மோட்டார் பார்க்க வந்த ஆள் ஒருவன் லாரிக்காரர்களிடமிருந்து மிச்ச எண்ணெய் வாங்கி வந்து அந்தப் பெட்டியில் ஊற்றிவிட்டான். அதுவும் இதே முட்டை நாற்றம். கொஞ்ச நாளில் பெட்டியைத் திறந்தால் வெண்கலம் கறுத்து, பல்லெல்லாம் கரையான் அரித்த மாதிரி இருந்தது. சக்கரம் வார்த்து வருகிறவரை மில் நின்றது. நாறுகிற எண்ணெய் பல்லைத் தின்றுவிடும் என்று உன் அப்பா அன்றைக்குக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டார். அது உண்மையும்கூட. அந்தப் பெட்டிக்கு அது உண்மை.

ஆகவே டின் வந்த வழியே திரும்பிப் போனது. இவரே விருதுநகருக்குப் பஸ் ஏறினார், சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு. அங்கே ஒரு கடையில் வண்டி எண்ணெய் டின் ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்லி, தேய்த்து, ஊதி, மோந்து, வெயிலில் காட்டி, நூல் மாதிரி ஒழுக விட்டுப் பார்த்தாராம். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டதாம். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட உன் அப்பா அவ்வளவு நேரம் பார்க்கவில்லை. கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். நானும் பார்த்தேன், அழகான எண்ணெய், பொய் சொல்லக் கூடாது. தேன் நிறம், நல்ல கனம், துளி வாடை கிடையாது. மில் பெட்டிக்கு ஊற்றுகிற அதே ரகம். புதுச் சக்கரத்தின் மேல் அதை ஊற்றி, கையைத் துடைத்துக்கொண்டு, ‘இப்பப் போலே’ என்றார் தம்பியிடம்.

கொஞ்ச நாள் வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஆவணி கழிந்த பிறகு சத்தம் வர ஆரம்பித்தது. முதலில் சித்தப்பாவுக்குத்தான் கேட்டது. ‘அண்ணே, பின்னால கத்துது. காலை அழுத்துனா கத்துது, எடுத்தா நிக்குது’ என்றார். முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போய்வந்த உன் அப்பாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு மூக்கு உண்டு, காது கிடையாது. ‘வண்டின்னா கத்தத்தான் செய்யும், மாட்டு வண்டி கத்தலையா’ என்றார். சித்தப்பா எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை எடுத்தார். ‘அதைப் பேசாத. எண்ணெய் எனக்குத் தெரியும், நீ ரோட்டைப் பாரு’ என்று அடக்கிவிட்டார்.

அந்த மாதம் திருச்சுழி கோயிலுக்கு அதே வேனில் போனோம். டின்களுக்கு நடுவில் பின்னால் நானும் நீயும் உட்கார்ந்திருந்தோம். எனக்கும் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒருத்தி அழுகிற மாதிரி ஒரு சத்தம், மேடு ஏறும்போது கூடி, இறங்கும்போது குறைந்து. நீ அதை அப்படியே பிடித்துக்கொண்டாய். வீட்டுக்கு வந்து உதட்டை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று இழுத்து இழுத்து அறை அறையாக வண்டி ஓட்டினாய், நான் ஒரு அடி வைக்கிறவரை நிறுத்தவில்லை. அன்று சாப்பாடு போடும்போது உன் அப்பாவிடம் சொன்னேன், ‘தம்பி சொல்றது சரிதாங்க, பின்னால சத்தம் வருது’ என்று. ‘ரசத்தை ஊத்து’ என்றார். ஊற்றினேன். நம் வீட்டில் பேச்சு அப்படித்தான் முடியும்.

தீபாவளி நெருங்கியது. எண்ணெய்க் கடைக்கு வருஷம் முழுக்கச் சேர்த்து ஒரு வாரம் என்றால் அதுதான். எல்லா வீட்டிலும் தலைக்கு வைக்க நல்லெண்ணெய் வேண்டும். வண்டியில் இடம் இல்லாமல் டின் ஏற்றிக்கொண்டு சித்தப்பா பரளச்சிக்குப் போனார். முதல் மழை தூறியிருந்தது, கரிசல் ரோடு வழுக்கியது. பரளச்சி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் பின்னால் படாரென்று ஒரு சத்தம் வந்ததாம், பின்சக்கரம் இரண்டும் பிடித்துக்கொண்டு நின்றதாம். வண்டி குறுக்கே திரும்பி ஓடைப் பள்ளத்தில் சாய்ந்தது. சித்தப்பாவுக்கு நெற்றியில் வெட்டு, வேறொன்றும் இல்லை. டின்களில் பாதி வாய் திறந்துகொண்டது. ஊர் ஊராகத் தலைக்கு வைக்க வேண்டிய எண்ணெயைக் கரிசல் மண் குடித்தது.

சேதி கேட்டு உன் அப்பா பஸ்ஸில் ஓடினார். பரளச்சிக் கடைக்காரர்கள் நாலைந்து பேர் அங்கே கூடி நின்றிருந்தார்கள். தம்பியின் நெற்றியைப் பார்த்தார், கிடந்த டின்களைப் பார்த்தார், அவர்கள் எல்லோரும் கேட்கும்படி, ‘ஓட்டத் தெரியாதவன் கையில வண்டியைக் குடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்’ என்றார். அந்தச் சொல் வண்டிக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்துவிட்டது. உனக்கே தெரியும், இந்தப் பக்கத்தில் ஒரு டிரைவருக்கு ஓட்டத் தெரியாது என்று பெயர் விழுந்தால் எந்த வண்டியிலும் ஏற்ற மாட்டார்கள். அதையும் சொந்த அண்ணனே சொல்லிவிட்டால் கேட்கவே வேண்டாம். அவருக்கு இருந்த தொழில் அது ஒன்றுதான்.

வேனை மாடு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். வேன் வந்ததால் நாம் நிறுத்திவிட்ட அதே மாட்டு வண்டிக்காரர்தான் இழுத்து வந்தார். அவர் முகத்தில் இருந்த திருப்தியை நான் என்னவென்று எழுத. மில் முற்றத்தில் வண்டியை விட்டார்கள். சித்தப்பா ஒரு துணிப்பையில் வேட்டி சட்டையைத் திணித்துக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

‘மதினி, நான் போறேன். தூத்துக்குடி பக்கம் எங்கயாச்சும் லாரியில கிளீனராவாவது சேந்துக்கிறேன்.’

‘பெட்டியைத் திறக்குற வரைக்கும் இருங்க தம்பி. உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டுப் போங்க’ என்றேன்.

‘என்ன இருந்தாலும் அண்ணன் சொன்னது சொன்னதுதான மதினி’ என்றார். ஆனாலும் இருந்தார்.

மறுநாள் காலையில் சுந்தரம் வந்தான். கொடுத்த டின்னைத் திருப்பி அனுப்பியவர் வீட்டுக்கு வருகிறோம் என்று வரும்போதே வாய் நிறையப் பேச்சோடு வந்தான். மாட்டுக்குக் கழனி வைக்கிற சட்டியை எடுத்துப் போய்ப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். அடைப்பைக் கழற்றியதும் எண்ணெய் இறங்கியது. அதே தேன் நிறம்தான், ஆனால் ஜிகினாத் தூள் கரைத்த மாதிரி முழுக்க மின்னியது. எல்லாம் இரும்பு. பெட்டியைப் பிரித்தபோது அடியில் உடைந்த பல் இரண்டு கிடந்தன. மிச்சப் பல் எல்லாம் ஒரு பக்கமாகச் சீவிவிட்டது போல இருந்தது.

உன் அப்பா குனிந்து சட்டியில் விரலை விட்டார். புறங்கையில் தடவினார். தேய்த்தார், ஊதினார், மோந்தார். எத்தனையோ தடவை பார்த்த காட்சிதான், ஆனால் அன்றைக்கு எனக்குப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

‘எண்ணெய் கெடலையே’ என்றார்.

‘எண்ணெய் கெடலை அண்ணாச்சி. பல்லுதான் கெட்டுப்போச்சு’ என்றான் சுந்தரம். பிறகு என்ன தோன்றியதோ, அந்த வாயாடி அன்றைக்குக் குரலை இறக்கிச் சொன்னான். ‘உங்க மில்லுல இருக்கிறது வெங்கலம். அதுக்கு இந்தச் சாதுவான எண்ணெய்தான் சரி, நாறுறதை ஊத்துனா அரிச்சிரும். இங்க இரும்பும் இரும்பும் அமுக்கிக்கிட்டு, வழுக்கிக்கிட்டே சுத்துது. அந்த அமுக்குல சாதுவான எண்ணெய் பிதுங்கி வெளிய வந்துரும். நாறுது பாருங்க அந்த மருந்து, அதுதான் பல்லுல ஒட்டிக்கிட்டு நிக்கும். இதை அன்னைக்கே சொல்லியிருக்கணும், நான் சொல்லல.’

உன் அப்பா தம்பி இருந்த பக்கம் திரும்பவே இல்லை. ‘சக்கரம் மாத்திரு’ என்று சுந்தரத்திடம் சொல்லிவிட்டு, குளித்து, சாப்பிட்டு, கடைக்குப் போய்விட்டார். எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று பாத்திரத்தையெல்லாம் போட்டு உடைத்தேன். ஆனால் என்ன குறையும் என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தீபாவளி வாரம். மூக்குக் கடையின் மூக்கு ஏமாந்துவிட்டது என்று அவர் வாயாலேயே சொன்னால், பரளச்சிக் கடைக்காரன் நாளைக்கு நம் டின்னை உடைக்குமுன் தானே ஒரு தடவை மோந்து பார்ப்பான். ஒரு தடவை மோந்து பார்த்தவன் பிறகு ஒவ்வொரு தடவையும் பார்ப்பான். சித்தப்பாவின் பெயரா, கடையின் பெயரா என்று அவர் மனசுக்குள் போட்டுப் பார்த்திருப்பார். என்னிடம் சொல்லவில்லை.

சக்கரம் மாட்டி முடிந்தது. நாற்றமடிக்கிற டின் மறுபடியும் பஸ்ஸில் வந்தது. சித்தப்பா அதைத் தொடவில்லை. தீபாவளிக்கு முந்தின நாள் காலை, கடைக்குக் கிளம்பிய வெள்ளை வேட்டியோடு உன் அப்பா மில் முற்றத்துக்கு வந்தார். ஒரு சாக்கை விரித்து மண்ணில் உட்கார்ந்தார். ரப்பர் குழாயையும் புனலையும் வைத்துக்கொண்டு தானே ஊற்றினார். பழக்கம் இல்லாததால் பாதி பெட்டிக்குள் போனது, மீதி முழங்கையில் வழிந்து மடியில் இறங்கியது. நான் வேறு வேட்டி எடுத்துக்கொண்டு ஓடினேன். ‘வேண்டாம்’ என்றார். ‘இதோடயா கடைக்குப் போறீங்க, நாளைக்குத் தீபாவளி’ என்றேன். ‘இதோடதான்’ என்றார்.

அப்படியே போய்க் கல்லாவில் உட்கார்ந்தார். அன்றைக்குக் கூட்டம் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் வாங்க வந்தவர்களெல்லாம் படி ஏறும்போதே மூக்கைப் பொத்தினார்கள். ‘என்ன அண்ணாச்சி, எண்ணெய் கெட்டுப்போச்சா’ என்று முதல் ஆள் கேட்டார். உன் அப்பா எண்ணெய் விலை சொல்கிற அதே குரலில் சொன்னார்: ‘கடை எண்ணெய் இல்ல. இது வண்டி எண்ணெய். இதை ஊத்துங்கன்னு தம்பி சொன்னான், நான் கெட்ட சரக்குன்னு சொல்லி வேற ஊத்துனேன். பல்லு போச்சு. அவன் ஓட்டுனதுல ஒரு குத்தமும் இல்ல.’ அடுத்த ஆள் கேட்டபோதும் அதையே சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார். நாள் முழுக்க வாசலில் வந்து நின்ற ஒவ்வொருவரிடமும், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். நீ மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு போய் மடியில் ஏறப் பார்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தது அப்போதுதான்.

அன்று ஒருத்தர்கூட வாங்காமல் திரும்பவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். சிலர் திரும்பினார்கள். சிலர் டின்னைத் திறக்கச் சொல்லி மோந்து பார்த்தார்கள். உன் அப்பா திறந்து காட்டினார். அந்த நாற்றத்தில் அவருக்கே அன்று எந்த எண்ணெயின் வாடையும் தெரிந்திருக்காது.

சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகிற வழியில் சித்தப்பா கடைக்கு வந்தார், கையில் அந்தத் துணிப்பை. சொல்லாமல் போகக் கூடாது என்று வந்தவர், படிக்குக் கீழேயே நின்றுவிட்டார். உள்ளே பரளச்சிக் கடைக்காரர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார், அன்றைக்கு ரோட்டில் இருந்தவர்களில் ஒருத்தர். உன் அப்பா தம்பியைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே அந்தக் கடைக்காரரிடமும் அதையே சொல்லி முடித்தார். இதைச் சித்தப்பாதான் பிற்பாடு எனக்குச் சொன்னார். துணிப்பையை டின் அடுக்குக்குப் பின்னால் வைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்திருக்கிறார்.

‘திருச்சுழி லோடு எப்பண்ணே?’

‘நீ எப்ப எடுக்குறியோ அப்ப.’

அதற்கு மேல் அண்ணனும் தம்பியும் அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த வேட்டி எத்தனை தடவை துவைத்தும் நாற்றம் போகவில்லை. கடைசியில் வண்டி துடைக்கப் போட்டேன்.

சரி, உன் எண்ணெய்க்கு வருகிறேன். சித்தப்பாவிடம் கேட்டு எழுதுகிறேன், அதனால் நம்பலாம். உன்னுடைய வண்டிக்கு நாறுகிற அந்த ரகம்தான், கனத்தில் தொண்ணூறு நம்பர். நம் பக்கத்து வெயிலுக்கு இன்னும் கனமாக நூற்றிநாற்பது போடு என்று சிலர் சொல்வார்கள், வண்டிக்கு எது என்று சொல்லியிருக்கிறதோ அதை மீறாதே. பழையதன் மேல் புதியதை ஊற்றிக் கலக்காதே. வண்டியை ஓட்டி வந்த சூட்டிலேயே அடைப்பைக் கழற்றி முழுக்க இறக்கு, இறக்கியதை வெயிலில் வைத்துப் பார். மின்னினால் எண்ணெய் மாற்றி ஒன்றும் ஆகாது, பெட்டியைத் திறக்க வேண்டும். ஊற்றும்போது பெட்டியின் பக்கவாட்டில் இருக்கிற ஓட்டையில் விரலை விட்டால் எண்ணெய் தொட வேண்டும், அதற்கு மேல் ஊற்றினால் கசிந்து பிரேக்குக்குப் போய்விடும். இவ்வளவுதான். இதைக் கேட்டுவிட்டு, நாறுகிற எண்ணெயெல்லாம் நல்லது என்று வீட்டு மில்லுக்கும் அதையே வாங்கி அனுப்பிவிடாதே. எங்கள் பெட்டி வேறு.

இப்போது அந்த ஓரத்து வரி. நீ வளர்ந்த வீட்டில் எதிர்ப்பேச்சு கேட்டதில்லை. ரசத்தை ஊற்று என்றால் நான் ஊற்றினேன், நீ பார்த்துக்கொண்டிருந்தாய். வீடு என்றால் அப்படி வாடை இல்லாமல் இருக்க வேண்டும் என்று உன் மனசில் பதிந்திருக்கிறது. உன் மேல் எனக்குக் குறை இல்லை, கண்ணால் பார்த்ததைத்தானே கற்றுக்கொள்வாய், உன் அப்பா மில்லில் கற்றுக்கொண்ட மாதிரி. ஆனால் நீங்கள் இரண்டு பேரும் தெரியாத ஊரில் தனியாகக் கிடந்து, ஒரு பழைய வண்டியை வைத்துக்கொண்டு பிழைக்கப் போயிருக்கிறீர்கள். அமுக்கம் அதிகம். அங்கே என்ன ஊற்ற வேண்டும் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. பார்வதியை அனுப்புவதா வைத்துக்கொள்வதா என்று என் வாயால் ஒரு உத்தரவு வாங்கத்தான் நீ அதை எழுதினாய் என்றால், அது வராது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். போன தடவை நீங்கள் இங்கே வந்தபோது பார்த்தேன், முன்சீட்டில் உன் கூட்டாளியை உட்கார வைத்துக்கொண்டு, அவளை மூட்டைகளோடு பின்னால் ஏற்றி வந்தாய். கத்துகிறது என்று அவள் சொல்வது அங்கிருந்துதான். நீ முன்னால் இருக்கிறாய். அவளை அவள் அம்மா வீட்டில் விடுவதற்கு முன்னால் ஒரு நாள் கூட்டாளியை ஓட்டச் சொல்லிவிட்டு, அவள் பக்கத்தில் நீயும் மூட்டைக்கு நடுவில் உட்கார். மேடு ஏறுகிற இடம் வரை போ. உனக்குத் தெரியாத சத்தம் இல்லை அது, உதட்டை மூடிக்கொண்டு வீடு முழுக்க நீ ஓட்டிய வண்டிதான். காதில் விழுந்தால், எனக்கு எழுத வேண்டாம். அவளிடம் சொல்.

அம்மா